மறுகரைப் பெண்

1

எங்களுக்குக் கல்யாணம் முடிந்து இருபத்தெட்டு வருடம் நிறைந்த சனிக்கிழமை பின்னேரம், நானும் என் மனைவி நிரோஷாவும் பிளேஸ்டோவில் ஒரு தேவாலயத்தின் பின்மண்டபத்தில், மடக்குக் கதிரைகளில் இருந்து ஓர் உக்ரேனியப் படம் பார்த்தோம்.

கல்யாண நாளில் போகிற இடமா அது என்று ஊரில் இருக்கிற நீங்கள் கேட்கலாம். நாங்கள் தேடிப் போகவில்லை. நிரோஷா ஓர் ஆரம்பப் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை செய்கிறாள். அவளோடு நின்று உருளைக்கிழங்கு உரிக்கிற ஹலீனா என்ற பெண், போர் தொடங்கிய பிறகு உக்ரேனிலிருந்து வந்தவள். அவளுடைய ஊர் ஆசுபத்திரிக்கு ஒரு ஜெனரேட்டர் வாங்கி அனுப்புவதற்காக அந்தப் படத்தைக் காட்டினார்கள். ஹலீனா இரண்டு ரிக்கற்றுகளை நிரோஷாவின் ஏப்ரன் பைக்குள் வைத்துவிட்டாள். நிரோஷாவுக்கு மறுத்துச் சொல்லி வராது.

அன்று காலையில் மகள் ஷாலினி மான்செஸ்டரிலிருந்து அனுப்பிய பூக்கள் வந்திருந்தன. நாங்கள் கடைக்குப் போயிருந்த நேரம் என்பதால் பெட்டியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். வாழ்த்து ஆங்கிலத்தில் இருந்தது. அம்மா, அப்பா என்ற இரண்டு சொற்கள் மட்டும் தமிழ், அதுவும் ஆங்கில எழுத்தில். இதையெல்லாம் பற்றிக் குறைப்பட்டுப் பத்திரிகைகளுக்கு நீளமாக எழுதிய காலம் ஒன்று எனக்கு இருந்தது. இப்போது வாசித்துவிட்டு மேசையில் வைத்துவிடுகிறேன்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பெயர் ஜூட். ஊர் மன்னார். இங்கே வந்து முப்பத்துநான்கு வருடம். ஓர் ஆசுபத்திரியில் போர்ட்டர். நோயாளிகளைக் கட்டிலோடு வார்ட்டிலிருந்து எக்ஸ்ரேக்குத் தள்ளிப் போவேன், எக்ஸ்ரேயிலிருந்து வார்ட்டுக்குத் தள்ளி வருவேன். லிப்டுக்குள் சிலர் தங்கள் முழு வாழ்க்கையையும் சொல்லி முடிப்பார்கள். நான் தலையாட்டுவேன். அடுத்த மாடியில் கதவு திறந்ததும் அது என்னைவிட்டுப் போய்விடும். வீட்டிலும் கொஞ்சம் அப்படித்தான் ஆகிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

2

நிரோஷா சிங்களத்தி. இதை நான் அச்சில் எழுதுவது இதுவே முதல் தடவை.

சிலாபத்துக்குத் தெற்கே ஒரு கரையோர ஊர் அவளுக்கு. எங்களைப் போலக் கத்தோலிக்கர்கள், எங்களைப் போல மீன்பிடிக் குடும்பம். நான் ஒரு ஹோட்டலின் சமையலறையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். அவள் அதே ஹோட்டலில் அறைகளுக்கு விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் ஒருநாள் அவள் ஒரு மாதா பாட்டை முணுமுணுத்தாள். மெட்டு எங்கள் கோயிலில் பாடுகிற மெட்டு, சொற்கள் மட்டும் வேறு. நான் தமிழில் அடுத்த வரியைப் பாடினேன். அவள் திரும்பிப் பார்த்தாள். எங்களுக்குள் எல்லாமே உடைந்த ஆங்கிலத்தில்தான் தொடங்கியது.

அதற்கு எட்டு வருடத்துக்கு முன்பு, என் அண்ணன் ஒரு சோதனைச்சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்டவர் திரும்பி வரவில்லை. இறக்கியவர்கள் அவளுடைய பாஷை பேசியவர்கள். இதை நான் அவளுக்கு ஆரம்பத்திலேயே சொன்னேன்.  அண்ணனின் பெயர் என்ன என்று அவள் கேட்டாள். அந்த வருடத்திலிருந்து இன்றுவரை அண்ணனின் ஆண்டு நாளில் தமிழ்ப் பூசைக்கு அவருடைய பெயரைக் கொடுக்கும்படி எனக்கு நினைவூட்டுகிறவள் அவள்தான். அன்றைக்குச் சோறு சமைத்து நாலு பேருக்குக் கொடுப்பாள்.

கல்யாணம் முடிந்து முதன்முதலாக அவளைத் தமிழ்ச் சனங்களுக்குள் கூட்டிப்போனது, எங்கள் தமிழ்ப் பூசை நடக்கிற கோயிலின் மண்டபத்தில் ஒரு ஞானஸ்நான விருந்துக்கு. சண்டை உச்சத்தில் இருந்த நேரம். மண்டபத்துச் சுவரில் எங்கள் பக்கத்துக்காகச் சண்டையில் செத்த பெடியளின் படங்கள் மாலையோடு தொங்கும். காரை நிறுத்திவிட்டு நான் அவளிடம் சொன்னேன்.

"உள்ளுக்குக் கனக்கக் கதைக்க வேண்டாம், என்ன? சிரிச்சால் காணும்."

அவள் ஓம் என்றாள். அது நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் தமிழ்ச் சொற்களில் ஒன்று.

உள்ளே ஒரு பெண்மணி, எந்த ஊர்ப் பிள்ளை என்று அவளைக் கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன், சிலாபம், தமிழ் கொஞ்சம் குறைவு, கூச்சமும் கூட என்று. பெயரும் உதவி செய்தது. நிரோஷா என்ற பெயர் எங்களுக்குள்ளும் உண்டு. அந்தப் பெண்மணி அவளுடைய கன்னத்தைத் தொட்டு, அமைதியான பிள்ளை என்றார்.

அதுவே நிலைத்துவிட்டது. அமைதியான பிள்ளை. சிலருக்கு விஷயம் பிடிபட்டிருக்கும். கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவள் தமிழை நன்றாகவே பிடித்துக்கொண்டாள், ஆனால் பேசுவது வீட்டுக்குள் மட்டும். வீட்டுச் சுவர் மெல்லியது, மறுபக்கம் தமிழ்க் குடும்பம். அதனால் சிங்களம் வீட்டுக்குள்ளும் இல்லை. தன் அக்காவோடு போனில் பேசுவதற்கு அவள் மாடிப்படிக்குக் கீழே இருக்கிற உடுப்பு அலுமாரிக்குப் பக்கத்தில் போய் இருப்பாள். ஷாலினி இரண்டு பாஷைகளுக்கும் நடுவில் ஆங்கிலத்தில் வளர்ந்தாள்.

3

படத்தின் பெயரை ஹலீனா இரண்டு தடவை சொன்னாள். எனக்கு வாயில் நுழையவில்லை. தன்னுடைய ஊரில் பழைய ஆட்கள் சொல்கிற கதை இது, படம் எடுத்தவர்கள் முடிவைக் கொஞ்சம் மாற்றிவிட்டார்கள் என்று படம் தொடங்குமுன் மைக்கில் சொன்னாள். அடியில் ஆங்கில வரிகள் ஓடின. நான் மெதுவாக வாசிக்கிறவன். முதல் பத்து நிமிடம் வரிகளைப் பிடிப்பதிலேயே போய்விட்டது.

ஓர் ஆறு. இந்தக் கரையில் உழுகிற சனம், அந்தக் கரையில் குதிரை மேய்க்கிற சனம். வருடா வருடம் வயல் எரியும், பிறகு பட்டி எரியும். யார் தொடங்கியது என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. கோடையின் நடுவில் ஓர் இரவு, உழுகிற சனத்தின் குமரிகள் பூமாலையில் மெழுகுதிரி ஏற்றி ஆற்றில் விடுகிறார்கள். மாலை யாருடைய கையில் அகப்படுகிறதோ அவன்தான் மாப்பிள்ளை. ஒருத்தியின் மாலை நேராகப் போகாமல் சுழியில் திரும்பி மறுகரைக்குப் போகிறது. அங்கே குதிரைக்குத் தண்ணீர் காட்ட வந்த ஒருவன் அதை எடுக்கிறான்.

அவள் ஆற்றைக் கடக்கிறாள். அதை நீளமாகக் காட்டினார்கள். பாட்டு இல்லை, தண்ணீரின் சத்தம் மட்டும்.

அவனுடைய தாய் வாசலில் நின்று அவளைப் பார்க்கிறாள். பாஷை காதில் விழுந்தால் ஊர் இவளைக் கொன்றுவிடும் என்கிறாள். பிறகு தன்னுடைய விரலை எடுத்து அந்தப் பெண்ணின் உதட்டில் வைக்கிறாள். ஊருக்குள் அவளை ஊமை என்று சொல்கிறார்கள். ஏழு வருடம் அவள் ஊமையாக இருக்கிறாள். ரொட்டி சுடுகிறாள், குதிரைக்குட்டிக்கு மருந்து போடுகிறாள், பிள்ளை பெறுகிறாள். பிள்ளை பெறுகிற காட்சியில்கூட வாய்க்குள் துணியைக் கடித்துக்கொண்டிருந்தாள். புருஷன் நல்லவன். சந்தையிலிருந்து தேன் கொண்டுவருகிறான், தலைக்கு ரிப்பன் கொண்டுவருகிறான். ஒரு தடவையும் அவளை அடிக்கவில்லை.

பிறகு ஒரு சண்டையில் மறுகரை ஆட்கள் சிலரைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். கம்பத்தில் கட்டி வைத்திருக்கிற ஒருவனுக்குத் தண்ணீர் கொடுக்க ஊமைப் பெண்ணை அனுப்புகிறார்கள். அவன் அவளுடைய தம்பி. அவன் தங்கள் பாஷையில் அவளிடம் பேசுகிறான். காவல்காரர் இரண்டு பேர் பக்கத்தில் நிற்கிறார்கள். அவள் அகப்பையை அவனுடைய வாயருகே பிடித்தபடி நிற்கிறாள். அவன் அவளுடைய முகத்தையே பார்க்கிறான். எங்கள் அம்மாவின் பெயரைச் சொல்லு என்று கேட்கிறான். அவள் சொல்லவில்லை. கடைசியில் அவன், மன்னித்துக்கொள், வேறு யாரோ என்று நினைத்துவிட்டேன் என்று சொல்லிவிட்டுத் தண்ணீரைக் குடிக்கிறான். விடிந்ததும் அந்தக் கம்பத்தில் கயிறும் இரத்தமும் மட்டும் இருக்கின்றன. அவள் மா குழைக்கிறாள்.

மண்டபத்தில் அங்கங்கே அழுகிற சத்தம் கேட்டது. முன்வரிசையில் ஒரு சின்னப் பிள்ளை ரொயிலற்றுக்குப் போக வேண்டும் என்றது. எனக்கு அழுகை வரவில்லை. நிரோஷாவைத் திரும்பிப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. பார்க்கவில்லை. அவளுடைய கையில் இருந்த சிப்ஸ் பையின் சத்தம் மட்டும் நின்றுபோயிருந்தது.

முடிவில் அவள் அதே கோடை இரவில் ஆற்றங்கரைக்கு வந்து தம்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட வாயைத் திறக்கிறாள். குரல் வரவில்லை. பழைய கதையில் அவள் அந்த இடத்திலேயே குயிலாக மாறிவிடுவாளாம். படத்தில் அதைக் காட்டவில்லை. வருடங்கள் கழித்து, நரைத்த தலையோடு அந்தப் புருஷன் நாணற்புல்லுக்குள் நின்று ஒரு பறவையின் சத்தத்தைக் கேட்பதோடு முடித்துவிட்டார்கள்.

விளக்குப் போட்டார்கள். நான் கதிரைகளை மடக்கி அடுக்க உதவி செய்தேன்.

4

வீட்டுக்கு நடந்து வருகிற வழியில் நிரோஷா ஒரே ஒரு வசனம் சொன்னாள்.

"அந்தப் பொம்பிளை நல்லா நடிச்சது."

"நடிச்சவா," என்றேன்.

அவளுக்குத் தமிழில் எல்லாரும் அது, இது. அப்பா வந்தது, பாதர் சொன்னது. இருபத்தெட்டு வருடமாகத் திருத்தி வருகிறேன். வாய் தானாகவே திருத்திவிட்டது.  வீட்டில் சோற்றைச் சூடாக்கிச் சாப்பிட்டுவிட்டுப் பூக்களுக்குத் தண்ணீர் மாற்றினாள்.

அடுத்த வாரம் முழுவதும் நான் வேலைக்குப் போனேன், வந்தேன். எனக்கு ஏதாவது தோன்ற வேண்டும் என்று எதிர்பார்த்திருந்தேன். பல் விறைக்க ஊசி போட்ட பிறகு நாக்கால் கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பதுபோல அந்தப் படத்தை நினைத்து நினைத்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

ஒரு பின்னேரம் நிரோஷா வேலையால் வந்து, சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே ஒரு விஷயம் சொன்னாள். பள்ளிக்கூடத்துச் சமையலறைக்குப் பின்னால் குப்பைத் தொட்டிகள் வைத்திருக்கிற இடத்தில் ஹலீனா அடிக்கடி போய் நின்று போன் பேசுவாளாம். மழையிலும் அங்கேதான் போவாளாம். குப்பை கொட்டப் போன நிரோஷா அன்றைக்கு ஏன் என்று கேட்டிருக்கிறாள். ஹலீனாவின் ஊர் கிழக்கே. அவளுடைய தாய்க்கு ரஷ்யப் பாஷை மட்டும்தான் வரும். ஹலீனாவும் சின்ன வயதில் அதில்தான் பேசியவள். இங்கே அவளோடு ஒரே வீட்டில் இருக்கிற பெண்களில் ஒருத்தியின் புருஷன் சண்டையில் செத்துவிட்டான். அந்தப் பாஷை காதில் விழுந்தாலே அவளுக்கு உடம்பு நடுங்குமாம். அவள் பாவம், அம்மாவும் பாவம், அதனால் நான் இங்கே வந்து பேசுகிறேன் என்றாளாம் ஹலீனா.

"நீர் என்ன சொன்னனீர்?" என்று கேட்டேன்.

"நானும் உடுப்பு அலுமாரிக்குப் பக்கத்திலை இருந்துதான் கதைக்கிறனான் எண்டு சொன்னன்."

சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள்.

5

நிரோஷாவுக்குக் கொஞ்ச நாளாக வயிற்றின் மேற்பக்கத்தில் நோ. ஸ்கான் எடுத்ததில் பித்தப்பையில் கல் என்றார்கள். ஒப்பரேசன் பற்றிப் பேசுவதற்கு வரும்படி கடிதம் வந்தது. நான் வேலை செய்கிற இடம் அல்ல, வேறு ஆசுபத்திரி. நான் லீவு போட்டுக்கொண்டு கூடப் போனேன்.

டொக்டர் ஓர் இளம் பெண். கணினியைப் பார்த்துவிட்டு, உங்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று பதிவில் இருக்கிறது, போனில் ஏற்பாடு செய்திருக்கிறோம் என்றார். நான், தேவையில்லை, அவளுக்கு ஆங்கிலம் வரும், வராததை நான் சொல்லுவேன் என்றேன். ஒப்பரேசனுக்குச் சம்மதம் வாங்குகிற விஷயத்தில் வீட்டுக்காரர் மொழிபெயர்க்கக் கூடாது என்றார் அவர். பிறகு நிரோஷாவைப் பார்த்து, உங்களுடைய முதல் மொழி தமிழ்தானே என்று கேட்டார்.

அந்தப் பதிவு நான் எழுதியது. முதன்முதலாக எங்கள் பகுதி டொக்டரிடம் பெயர் பதியப் போனபோது படிவத்தை நான்தான் நிரப்பினேன். வரவேற்பு மேசையில் ஒரு தமிழ்ப் பிள்ளை இருந்தது. முதல் மொழி என்ற கட்டத்தில் தமிழ் என்று எழுதினேன். அந்த ஒரு கட்டம் கணினிக்குக் கணினி தாவி, கவுன்சில், பள்ளிக்கூடம், ஆசுபத்திரி என்று எல்லா இடத்துக்கும் போய்விட்டது. கவுன்சிலிலிருந்து அவளுக்குத் தமிழில் துண்டுப்பிரசுரம் வரும். அவளுக்கு அதை வாசிக்கத் தெரியாது.

நிரோஷா கைப்பையை மடியிலிருந்து எடுத்து நிலத்தில் வைத்தாள்.

"இல்லை," என்றாள் ஆங்கிலத்தில். "சிங்களம்."

டொக்டருக்கு அது ஒரு பெரிய விஷயமாகப் படவில்லை. பிழையாகப் பதிந்துவிட்டார்கள் போலிருக்கிறது, மன்னிக்க வேண்டும் என்று சொல்லி, எதையோ தட்டித் திருத்தினார். பிறகு ஓர் இலக்கத்துக்கு அழைத்துக் காத்திருந்தார். போனில் சங்கீதம் ஓடியது. ஆறு ஏழு நிமிடத்தில் ஒரு பெண்ணின் குரல் மேசையில் இருந்த போனிலிருந்து வந்தது. வயதான குரல். நிரோஷாவுக்கு வணக்கம் சொல்லியிருக்க வேண்டும். நிரோஷா பதில் சொன்னாள். அந்தக் குரல் ஏதோ கேட்டது, எந்த ஊர் என்றாக இருக்கும். ஊரின் பெயர் மட்டும் எனக்கு விளங்கியது. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

நான் அந்த அறையில் இருந்தேன். என் மனைவி கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். குரல் கொஞ்சம் தடித்திருந்தது, வேகம் இருந்தது, நடுவில் நாக்கைச் சப்புக்கொட்டிவிட்டு மேலே போனாள். அப்படி ஒரு பழக்கம் அவளுக்கு இருப்பது எனக்குத் தெரியாது. ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை. நான் அந்தப் பாஷையை ஒருநாளும் படிக்கவில்லை. படிக்க வேண்டும் என்று அவள் கேட்கவும் இல்லை.

நோ எப்போது தொடங்கியது என்று டொக்டர் கேட்டார். நிரோஷா பேசினாள். நீளமாகப் பேசினாள். பிறகு போனில் அந்தக் குரல் ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கியது. ஒவ்வொரு வசனத்தையும் அவள் சொல்கிறாள், அவள் சொல்கிறாள் என்றுதான் தொடங்கியது. கல்லின் நோ ஆறு மாதமாகத்தான் என்று அவள் சொல்கிறாள். அதற்கு முன்பும் அதே இடத்தில் ஓர் இறுக்கம் இருந்தது என்று அவள் சொல்கிறாள். அது முதல் தடவை வந்தது தன்னுடைய தம்பி செத்த நாளில் என்று அவள் சொல்கிறாள். வந்தவர்களுக்குத் தேத்தண்ணித் தட்டைத் தூக்கிக்கொண்டு போனபோது வந்தது என்று அவள் சொல்கிறாள்.

சரி என்றார் டொக்டர். வலது பக்கமா, முதுகுக்கும் பரவுமா என்று கேட்டார்.

6

அந்த நாளை உங்களுக்கு எழுதாமல் விட முடியாது.

ஷாலினி கைக்குழந்தை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நிரோஷாவின் அக்கா கொழும்பிலிருந்து போன் எடுத்தார். நிரோஷா போனை வைத்துவிட்டு, மல்லி போய்விட்டது என்று ஆங்கிலமும் சிங்களமும் கலந்து சொன்னாள். மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி. அவள் அவனை எப்போதும் அப்படித்தான் சொல்வாள். ஆரம்பத்தில் எனக்குக் கொத்தமல்லி ஞாபகம் வந்து சிரித்திருக்கிறேன். அவன் ஆமியில் சேர்ந்து இரண்டு வருடம். மீனுக்குப் போய்ப் பிழைக்க முடியாமல் சம்பளத்துக்காகச் சேர்ந்தவன். வடக்கே ஒரு முகாமில் இருந்தான். அந்த முகாம் முந்தின இரவு விழுந்துவிட்டது.

அவள் அழுததாக எனக்கு ஞாபகம் இல்லை. பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டு கட்டிலில் இருந்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். 

மூன்று மணிக்கு மணி அடித்தது. ஊர் விளையாட்டுக் கழகத்து ஆண்டுவிழா பற்றிப் பேச நாலு பேர் வருவதாகப் போன வாரமே சொல்லியிருந்தார்கள். எனக்கு அது மறந்தே போய்விட்டது. முன்னுக்கு நின்றவன் மரியதாஸ், என்னோடு ஒன்றாகப் படித்தவன். கையில் லட்டுப் பெட்டி. முகாம் விழுந்த செய்திக்காக வாங்கி வந்தது. கதவைத் திறந்தவுடனேயே ஒன்றை எடுத்து என் கையில் வைத்தான். நான் அவர்களை உள்ளே விட்டேன்.

விளையாட்டுக் கழகம் பற்றி ஒருவரும் பேசவில்லை. எங்கே உடைத்தார்கள், எப்படி உள்ளே போனார்கள் என்று மரியதாஸ் விரலால் மேசையில் கீறிக் காட்டினான். எல்லாருக்கும் வீட்டில் ஒரு சாவு இருந்தது, எல்லாரும் ஏதோ ஒன்றை விட்டுவிட்டு ஓடி வந்தவர்கள். அந்தச் சந்தோஷத்தை நான் இன்று வந்து குறை சொல்ல மாட்டேன். நிரோஷா குசினிக்குள் போய்த் தண்ணீர் வைக்கிற சத்தம் கேட்டது. போய், நீர் படுத்துக்கொள்ளும், நான் இவர்களை அனுப்பிவிடுகிறேன் என்று சொல்லலாம் என்று நினைத்தேன். எழும்பவில்லை. என்ன காரணம் சொல்லி அனுப்புவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அவள் தட்டோடு வந்தாள். அப்போது அவளுக்குத் தமிழ் நன்றாக விளங்கும்.

"உள்ளுக்கை நிண்டவங்களிலை ஒருத்தனும் திரும்பிப் போகேல்லையாம்," என்று மரியதாஸ் சொல்லிக்கொண்டிருந்தான்.

அவள் தட்டை மேசையில் வைத்தாள். ஒவ்வொருவருக்கும் கப்பை எடுத்துக் கொடுத்தாள். சீனி காணுமா என்று கையால் கேட்டாள். மரியதாஸ் லட்டுப் பெட்டியை அவளிடம் நீட்டினான். அவள் சிரித்து, தலையாட்டி மறுத்துவிட்டு உள்ளே போனாள். நான் கையில் இருந்ததைச் சாப்பிட்டேன். எங்கே வைப்பதென்று தெரியாமல் சாப்பிட்டேன் என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. என் அண்ணனின் பெயர் ஒவ்வொரு வருடமும் பூசையில் வாசிக்கப்பட்டது. அவளுடைய தம்பிக்கு அவள் என்ன செய்தாள் என்று எனக்குத் தெரியாது. ஏதாவது ஓர் ஆங்கிலக் கோயிலில் தனியாகப் போய் மெழுகுதிரி ஏற்றியிருப்பாள்.

7

ஆசுபத்திரியிலிருந்து பஸ்ஸில் வந்தோம். மேல்தட்டில் முன்சீற் கிடைத்தது. நான் பேச வேண்டியது ஒன்று இருந்தது. சொற்களை ஒழுங்குபடுத்தினேன். நாலு தரிப்பிடம் போய்விட்டது. கடைசியில் வாயில் வந்தது வேறு.

"மல்லிக்கு ஒரு பூசை குடுப்பமா? எங்கடை தமிழ்ப் பூசையிலை?"

அவள் வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள். 

"என்ன பேர் குடுப்பீங்கள்?"

"பிரியந்தன்."

"ன் இல்லை," என்றாள். "பிரியந்த."

"பிரியந்த," என்றேன்.

"ஆர் எண்டு கேட்டால்?"

"சொல்லுவன்."

 அவள் நம்பவில்லை என்று நினைக்கிறேன்.

தமிழ்ப் பூசை மாதத்தில் ஒன்று. யாருக்காகப் பூசை என்ற கருத்துகளைக் கொப்பியில் எழுதுகிறவர் பெர்னதெத் அக்கா, எழுபதைத் தாண்டியவர், வாசலுக்குப் பக்கத்தில் சின்ன மேசை போட்டு இருப்பார். அவருடைய புருஷனும் என் அண்ணனைப் போலவே கொண்டுபோகப்பட்டவர். நான் பெயரைச் சொன்னேன். அவர் எழுதத் தொடங்கி நிறுத்தினார்.

"ஆர் இது, தம்பி?"

"என்ரை மச்சான். நிரோஷான்ரை தம்பி."

"சிங்களப் பேராக் கிடக்கு."

"ஓம் அக்கா. அவையள் சிங்களம்தான். அவர் ஆமியிலை இருந்தவர். சண்டையிலை செத்தவர்."

எனக்குப் பின்னால் மூன்று நாலு பேர் வரிசையில் நின்றார்கள். சொல்லி முடித்தபோது எனக்குப் பயமாகவோ பாரம் இறங்கியதாகவோ ஒன்றும் இருக்கவில்லை. சொல்லிவிட்டேன், அவ்வளவுதான். நிரோஷா என் பக்கத்தில் செபமாலையைக் கையில் சுற்றியபடி நின்றாள். பெர்னதெத் அக்கா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என்ரை மனிசனையும் ஆமிதான் கொண்டுபோனது," என்றார். அதை யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை. பிறகு பேனையை ஊன்றி, பெயரை முழுவதுமாக எழுதினார்.

சுவாமி அந்த மாதம் பதினொரு பெயர்கள் வாசித்தார். ஏழாவது அவனுடைய பெயர். வாங்குகளில் சில தலைகள் திரும்பின. ஒரு குடும்பம் பூசை முடிந்ததும் எங்களைப் பார்க்காமல் வெளியே போனது. அவர்களுடைய மூத்த மகனின் படமும் ஒருகாலத்தில் அந்த மண்டபத்துச் சுவரில் இருந்தது. அவர்களிலும் எனக்குக் கோபம் இல்லை.

பூசைக்குப் பிறகு மண்டபத்தில் தேத்தண்ணியும் றோல்சும் வைப்பார்கள். நிரோஷா ஒரு கப்பை எடுத்துக்கொண்டு ஜன்னலோரமாக நின்றாள். மரியதாஸ் தூரத்திலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது அவனுக்கு இரண்டு பேரப்பிள்ளைகள், முழங்காலில் ஒப்பரேசன், ஊன்றுகோல். பெயரைக் கேட்டதிலிருந்து அவன் கணக்குப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். எந்த வருடம், எந்த முகாம், அன்றைக்கு யாருடைய வீட்டில் இருந்தோம் என்று. மெதுவாக ஊன்றி ஊன்றி வந்தான். என்னிடம் வரவில்லை. நேரே அவளுக்கு முன்னால் வந்து நின்றான்.

"தங்கச்சி, அண்டைக்கு எங்களுக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது."

இருபத்தெட்டு வருடத்தில் அந்த மண்டபத்தில் அவள் ஒரு முழு வசனம் பேசி நான் கேட்டதில்லை. அவள் கப்பை ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

"தெரிஞ்சிருந்தால் என்ன செய்திருப்பீங்கள் அண்ணை?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே பதிலை அறிய விரும்புகிறவள்போலக் கேட்டாள். 'ல'வும் 'ள'வும் அவளுக்கு எப்போதும் ஒன்றுதான். 

 மரியதாஸ் அவளை விட்டு என்னைப் பார்த்தான். அவளும் என்னைப் பார்த்தாள். அன்று லட்டுச் சாப்பிட்டவர்களில் தெரிந்திருந்தவன் நான் ஒருவன்தான்.